பங்குனி தொடங்கி வைகாசி வரை: எங்கள் குடாநாட்டின் கூத்துக் காலம்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. இரவுச் சாப்பாடு முடிந்து ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

"நல்லூர்த் திருவிழாவை விட்டால் எங்கட பக்கம் பார்க்கிறதுக்கு என்ன இருக்கு, சேர்?" வகுப்பில் பிள்ளைகளிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. கொழும்பிலும் வெளிநாட்டிலும் நடக்கிற விழாக்களை போனில் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். இப்போது பெற்றோரும் அதையே கேட்கத் தொடங்கிவிட்டதால் எழுதுகிறோம்.

நல்லூர், ஆடி ஆவணியில் வருவது. அதற்கு முன்னால், பங்குனியில் தொடங்கி வைகாசி முடியும் வரை குடாநாட்டுக்கு இன்னொரு காலம் உண்டு. கணக்கின்படி சித்திரையும் வைகாசியும் இளவேனில். புத்தகப் படங்களில் வருகிற வசந்தம் மாதிரி இங்கே குளிரும் பனிப்பூவும் கிடையாது. எங்கள் வசந்தம் வியர்வையோடு வருவது. அதன் பூ வேப்பம்பூ. ஆனால் கூத்துக்கு இதைவிட நல்ல காலம் இல்லை. காலபோக நெல் தையிலும் மாசியிலும் வெட்டி முடிந்துவிடும். கையில் கொஞ்சம் காசும் நேரமும் இருக்கும். மழை நின்றிருக்கும், சோளகக் காற்று இன்னும் பலமாக எழும்பியிருக்காது. விடிய விடிய வெளியில் பாய் விரித்து இருக்கலாம். கோப்பாய் வெளியில் வயல் செய்த ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள், கூத்துக் காலத்தை எந்தக் கலண்டரைவிடவும் சரியாகச் சொல்வார்கள்.

முதலில் காத்தான் கூத்து. காத்தவராயன் கூத்து என்று நோட்டீசில் போட்டாலும் சனத்தின் வாயில் அது காத்தான் கூத்துத்தான். அம்மன் கோயில்களின் பொங்கல், மடை நடக்கிற இந்த மாதங்களில் கோயில் வீதியில் மேடை போட்டு ஆடுவார்கள். முத்துமாரியின் மகன் காத்தவராயன், ஆரியமாலை என்ற பெண்ணில் ஆசை வைக்கிறான். தாய் தடுக்கிறாள், சோதனை மேல் சோதனை வைக்கிறாள், அவன் கேட்பதாக இல்லை. கதை இவ்வளவுதான். இதை இரவு பத்து மணி தொடங்கி விடியும் வரை சிந்து மெட்டிலே பாடி ஆடி முடிப்பார்கள். ஒரே ஆள் இரவு முழுக்கத் தாங்க முடியாது என்பதால் ஆதிக்காத்தான், நடுக்காத்தான், பின்காத்தான் என்று ஆள் மாறிக்கொண்டே வரும். இடையில் டாப்பர் மாமா வந்தால் நித்திரை கொண்ட பிள்ளைகள் எல்லாம் எழும்பிவிடும்.

கடைசியில் கழுமரம். அதை விடியப்புறம்தான் வைப்பார்கள். கிழக்கு வெளுக்கிற நேரத்தில் காத்தான் கழுவில் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு, பகலில் ஒரு மண்டபத்துக்குள் அந்தக் கட்டத்தைப் பார்ப்பது உப்பில்லாத கஞ்சி மாதிரி இருக்கும். இரவு முழுக்க அந்தச் சிந்து காதில் விழுந்து விழுந்து, எங்களையும் கழுமரம் வரை நடத்திக்கொண்டு வந்திருக்கும். அந்த நடையில்தான் கூத்தின் பலம் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதை ஆடுகிறவர்கள் பெரும்பாலும் தோட்டக்காரர், மேசன், கடையில் வேலை செய்கிறவர். சிலர் நேர்த்திக்காக ஆடுவார்கள். பாயில் இருக்கிற ஆச்சிமாருக்குப் பாட்டு முழுக்க மனப்பாடம். மேடையில் ஒருவர் அடி தவறவிட்டால் பாயில் இருந்து எடுத்துக் கொடுப்பார்கள். அண்ணாவியாரும் ஆடுகிறவரும் மட்டும் இருந்தால் கூத்து நடக்காது, பார்க்கிற சனம் பாதிக் கூத்து. இதை நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

எங்கள் ஆட்களில் சிலர், "அது கோயில் விடயம், நாங்கள் போகலாமா?" என்று கேட்பார்கள். பூசையில் நிற்பது வேறு, வீதியில் இருந்து கதை கேட்பது வேறு என்பது எங்கள் அபிப்பிராயம். மனம் ஒப்பாதவரை வற்புறுத்தவில்லை. அவர்களுக்கு இசை நாடகம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருவோம்.

இதே காலத்தில் கத்தோலிக்கச் சகோதரர்களுக்குத் தவக்காலம். இந்த வருடங்களில் அது எங்கள் றமழானோடு ஒட்டியே வருகிறது. நாங்கள் தராவீஹ் முடிந்து வருகிற நேரத்தில் அவர்கள் பாடுகளின் காட்சிக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாழ்ப்பாணத்தில் திருப்பாடுகளின் காட்சி என்றால் திருமறைக் கலாமன்றம்தான் நினைவுக்கு வரும். மரிய சேவியர் அடிகளார் 1965இல் தொடங்கிய மன்றம் அது. பெரிய மேடை, நிறைய நடிகர்கள், நாடகமும் இசையும் சேர்ந்த காட்சி. சமயம் பார்க்காமல் சனம் போகும். அடிகளார் 2021இல் காலமானார், மன்றம் நடந்துகொண்டிருக்கிறது. மன்னாரில் பேசாலைப் பக்கம் இதற்கு இன்னொரு பழைய வடிவம் உண்டு. ஆட்களுக்குப் பதிலாக உருவங்களை வைத்துக் காட்டுகிற உடக்குப்பாஸ். வாய்ப்புக் கிடைத்தால் அதையும் பாருங்கள்.

குருநகர், பாசையூர், நாவாந்துறை, இளவாலைப் பக்கத்துக் கத்தோலிக்கக் கூத்து தனி ஒரு பரம்பரை. பூந்தான் யோசேப்பு என்ற பெயரைச் சொன்னால் கரையோரத்தில் இன்றைக்கும் முகம் மலரும். அந்தப் பக்கம் ஆடிய கூத்துகளில் சங்கிலியன் கூத்தும் ஒன்று. கோப்பாய்க்காரருக்கு இது சொந்தக் கதை. 1560இல் போர்த்துக்கேயப் படை நல்லூருக்கு வந்தபோது சங்கிலி மன்னன் பின்வாங்கிய இடம் எங்கள் கோப்பாய். அதே சங்கிலிதான் 1544இல் மன்னாரில் புதிதாக மதம் மாறிய கத்தோலிக்கர்களைக் கொன்றவன். தங்கள் மூதாதையரைப் போன்றவர்களைக் கொன்ற அரசனை, அவனும் இந்த மண்ணின் அரசன் என்று அந்தச் சமூகம் மேடையில் ஏற்றி ஆடியிருக்கிறது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1956இல் 'சங்கிலி' என்று நாடகம் எழுதினார். அதைப் பல்கலைக்கழகத்தில் படிப்பார்கள். எங்களுக்கு என்னவோ கரையோரக் கூத்துத்தான் பெரிய விடயமாகப் படுகிறது.

இப்போது இசை நாடகம். டிறாமா, ஸ்பெஷல் நாடகம், கொட்டகைக் கூத்து என்று பழைய ஆட்கள் பல பெயரில் சொல்வார்கள். இது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வழி நீளமானது. லக்னோவில் ஆகா ஹசன் அமானத் என்ற கவிஞர் 1850களில் உருது மொழியில் 'இந்தர் சபா' என்ற பாட்டு நாடகத்தை எழுதினார். பம்பாயின் பார்சி நாடகக் கம்பனிகள் அதையும் அதைப் போன்ற நாடகங்களையும் எடுத்துக்கொண்டு கப்பலில் ஊர் ஊராகப் போயின. வர்ணத் திரை, பக்கத் தட்டி, பளபளக்கும் உடுப்பு, ஆர்மோனியம் எல்லாம் அவர்கள் பிரபலமாக்கியவை. கொழும்புக்கும் வந்தார்கள். சிங்களத்தில் நூர்த்தி பிறந்தது அந்தப் பாதிப்பில். தமிழ்நாட்டில் அந்த மேடையையும் மெட்டுகளையும் தமிழ்ப் புராணக் கதைகளோடு இணைத்துப் பெரிய மரபாக ஆக்கியவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922). அங்கிருந்து குழுக்கள் யாழ்ப்பாணம் வந்து ஆட, எங்கள் ஆட்கள் பார்த்துப் பழகினார்கள்.

ஆக, யாழ்ப்பாணத்துக் கோயில் வீதியில் அரிச்சந்திரன் பாடுகிற பாட்டுக்குப் பின்னால் ஒரு லக்னோ முஸ்லிம் கவிஞரும், ஒரு பார்சிக் கம்பனியும், ஒரு தூத்துக்குடித் தமிழரும் நிற்கிறார்கள். "இது யாருடைய கலை?" என்று கேட்கிறவர்களிடம் நாங்கள் இந்த வழியைத்தான் சொல்லிக் காட்டுவோம்.

அரிச்சந்திரன் என்றால் வி. வி. வைரமுத்து. காங்கேசன்துறைக்காரர், 1924இல் பிறந்தவர், 1989இல் காலமானவர். நடிகமணி என்று சனம் அழைத்தது. அவருடைய குழுவின் பெயரே வசந்த கான சபா. 'அரிச்சந்திர மயான காண்டம்' அவர் ஆயிரக்கணக்கான மேடையில் ஆடியது. கதை எல்லோருக்கும் தெரியும். பாம்பு கடித்து இறந்த மகன் லோகிதாசனைச் சந்திரமதி சுடலைக்குத் தூக்கி வருகிறாள். அங்கே காவல் நிற்பவன் புருஷன் அரிச்சந்திரன். இருட்டில் ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியவில்லை. காவல்காரன் கூலி கேட்கிறான்: கால் பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி. அவளிடம் எதுவுமே இல்லை. மகனை எரிக்கத் தகப்பனே கூலி கேட்டுக்கொண்டு நிற்கிறான். சட்டம் அப்படி. எசமானுக்குச் சேரவேண்டியதை விட்டுக்கொடுக்க அவனுக்கு உரிமை இல்லை.

அந்தக் கட்டத்தை மூத்தவர்கள் சொல்லக் கேட்க வேண்டும். எங்கள் சோனகதெருப் பெரியவர்கள் சிலர் வைரமுத்துவைப் பார்க்க சைக்கிளில் இரண்டு பேராக ஏறிப் போனதை இன்றைக்கும் சொல்வார்கள். கதை எப்படி முடியும் என்று தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் அழுவார்களாம். அவர் வேடத்தில் வந்து முதல் வரியை இழுத்தவுடன் கொட்டகை அடங்கிவிடுமாம். ஒலிவாங்கி இல்லாத காலத்திலும் கடைசிப் பாய்வரை கேட்கிற தொண்டை. இன்றைக்கும் மயான காண்டம் எங்காவது போட்டால் தவறவிடாதீர்கள். வைரமுத்துவின் குரல் பதிவுகளும் இருக்கின்றன. பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டிவிட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கூத்துக்கு எல்லாக் காலத்திலும் மரியாதை இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். படித்த வீடுகளில் "கூத்தாடி" என்பது ஏச்சு. ஆடியவர்கள் பலர் சாதியால் ஒதுக்கப்பட்டவர்கள், அதுவும் ஒரு காரணம். இதை மாற்றியதில் பேராசிரியர் சு. வித்தியானந்தனுக்குப் பெரிய பங்கு. 1956இல் எதிரிவீர சரச்சந்திர சிங்கள நாடகம மரபை வைத்து 'மனமே' போட்டார். அந்த நாடகமவே எங்கள் கரையோரத் தமிழ்க் கூத்திலிருந்து போனதுதான். நாங்கள் வீசி எறிந்த பானையில் அடுத்த வீட்டுக்காரர் நல்ல சோறு சமைத்துவிட்டார் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. வித்தியானந்தன் அண்ணாவிமாரைத் தேடிப் போனார். பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து 'கர்ணன் போர்', 'இராவணேசன்', 'வாலி வதை' போட்டார். மன்னார்க் கூத்துகளை அச்சிலும் ஏற்றினார். 'என்றிக் எம்பரதோர்' 1964இல், 'மூவிராசாக்கள்' 1966இல் புத்தகமாக வந்தன. பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார்.

மரியாதை வந்தது. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. விடிய விடிய வட்டக்களரியில் ஆடியது, மண்டப மேடைக்கு வந்தபோது ஓரிரு மணித்தியாலமாகச் சுருங்கியது. இன்று தமிழ்மொழித் தினப் போட்டியில் அது சில நிமிடம். போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்குகிற ஆசிரியர்கள் என்ற முறையில் சொல்கிறோம்: அந்தச் சில நிமிடமும் இல்லாவிட்டால் பல பிள்ளைகள் ஒரு தாளக்கட்டையும் கேட்டிருக்காது. ஆனால் கூத்து என்றால் இவ்வளவுதான் என்று பிள்ளை நினைத்துவிட்டால் அது நஷ்டம். உடுப்பும் மேக்கப்பும் ஒரு வீடியோவுக்குப் போதும், கழுமரத்துக்குப் போதாது.

இனிக் கசப்பான பகுதி.

1990 ஒக்ரோபர் 30. யாழ்ப்பாண நகர முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். ஜின்னா மைதானத்துக்கு அழைத்துச் சொன்னார்கள். அந்த மாதத்தில் வடக்கின் ஏனைய மாவட்ட முஸ்லிம்களும் இப்படித்தான் துரத்தப்பட்டார்கள். புத்தளம், கற்பிட்டிப் பக்கத்து ஓலைக் கொட்டில்களில் எங்கள் ஆட்கள் ஒரு தலைமுறையை வளர்த்தார்கள்.

1995 ஒக்ரோபர் 30. சரியாக ஐந்து வருடம், அதே திகதி. இராணுவம் முன்னேறிவர, கோப்பாய் உட்பட வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி, மழையில், கைதடி, நாவற்குழிப் பக்கமாகத் தென்மராட்சிக்கு நடந்தது. இதை வாசிக்கிறவர்களில் பலர் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பீர்கள். சிலர் பிறகு திரும்பினீர்கள், சிலர் வன்னிக்குப் போனீர்கள்.

இரண்டையும் தராசில் வைக்க இதை எழுதவில்லை. இரண்டும் ஒன்றும் அல்ல. ஒன்று எங்கள் மொழி பேசியவர்களே எங்களைத் துரத்தியது, அதை மெழுகிச் சொல்ல மாட்டோம். நாங்கள் சொல்ல வருவது வேறு. கூத்துக்குப் பாயில் இருக்கிற சனம் பாதி என்று மேலே சொன்னோமே, அந்தப் பாதி இந்த இரண்டு நாளிலும் உடைந்தது. அண்ணாவியார் ஓரிடம், பக்கப்பாட்டுக்காரர் வேறிடம், அடி எடுத்துக் கொடுக்கிற ஆச்சி இன்னோரிடம். கையால் எழுதிய கூத்துக் கொப்பிகள் பல வீட்டோடு போய்விட்டன. மேடையைத் திரும்பக் கட்டலாம். பாட்டுத் தெரிந்த பாயை ஒரு வருடத்தில் கட்ட முடியாது.

2002க்குப் பிறகும், 2009க்குப் பிறகு கூடுதலாகவும் எங்கள் குடும்பங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின. புத்தளத்தில் பிறந்த பிள்ளைகளுக்குக் காத்தான் யார் என்றும் தெரியாது, வைரமுத்து யார் என்றும் தெரியாது. இங்கேயே பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கும் தெரியாது என்பதுதான் வேடிக்கை! இந்த விடயத்தில் இரண்டு பக்கமும் ஒரே வாங்கில்தான் இருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளைகள் வெறும் கையோடு வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முஸ்லிம் ஊர்களில் கம்படிக் கலை ஒன்று உண்டு. கிழக்கில் பொல்லடி, களிகம்பு என்பார்கள். வட்டமாக நின்று, பாட்டுக்குக் கால் மாற்றி, கையிலிருக்கும் பொல்லை அடுத்தவர் பொல்லோடு அடித்து ஆடுவது. அதற்கும் அண்ணாவியார் உண்டு, பெயர்கூட மாறவில்லை. இப்போது வசந்தன் கூத்தை எடுங்கள். கண்ணகி அம்மன் சடங்குக் காலத்தில் சிறுவர்கள் கோல் பிடித்து வட்டமாக ஆடுகிற அதே கலை. சுன்னாகத்துத் தி. சதாசிவ ஐயர் பாடசாலைப் பரிசோதகராக இருந்தவர். மட்டக்களப்பில் அந்தப் பாட்டுகளைச் சேர்த்து 1940இல் 'வசந்தன் கவித்திரட்டு' என்று வெளியிட்டார். இரண்டு ஆட்டத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால் கோலுக்கும் பொல்லுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். எந்தப் பாடசாலை விழாவிலாவது இரண்டையும் ஒரே மேடையில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது எங்களுக்கு வெகுநாள் ஆசை.

போர் முடிந்த பிறகு பெரிய விழாக்களும் வந்தன. 2011 மார்ச்சிலும் 2013 மார்ச்சிலும் யாழ்ப்பாண இசை விழா நடந்தது. எங்கள் கூத்தும், தீவின் மற்றப் பாகத்துக் கலைகளும், வெளிநாட்டுக் குழுக்களும் ஒரே மைதானத்தில். பிறகு பொது நூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய உதவியோடு பதினொரு மாடிக் கலாசார மையம் எழுந்தது. 2023 பெப்ரவரியில் மக்களிடம் கையளித்தார்கள். 2025இல் திருவள்ளுவர் பெயர் வைத்தார்கள், பெயரில் கொஞ்சம் இழுபறி நடந்தது உங்களுக்குத் தெரியும். அறுநூறு பேர் இருக்கக்கூடிய அரங்கு. நல்ல ஒலி, நல்ல கதிரை. நாங்களும் போகிறோம். ஆனால் குளிரூட்டிய அரங்கில் ஒருவரும் அடி எடுத்துக் கொடுக்கத் துணிவதில்லை!

சரி, எங்கே, எப்போது?

பங்குனித் திங்கள்களில் மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலடி. எங்களுக்குக் கைதடிப் பாலம் தாண்டினால் கிட்ட. வரிசையாகப் பொங்கல் அடுப்புகள், அதைச் சுற்றிக் கடைகள், பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான். புகையில் கண் எரியும், அதற்குத் தயாராகப் போங்கள். தவக்காலத்தின் கடைசிக் கிழமைகளில் திருப்பாடுகளின் காட்சி. எந்த நாள், எந்த மைதானம் என்று பிரதான வீதியில் இருக்கும் திருமறைக் கலாமன்றத்தில் கேளுங்கள், அல்லது பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்திடம் கேளுங்கள், அவர்களே கூட்டிக்கொண்டு போவார்கள். சித்திரை வருடப் பிறப்புக்குப் போர்த்தேங்காய். வைரமான தேங்காயைத் தேடி எடுத்து வைத்து, ஒன்றால் ஒன்றை அடித்து உடைக்கிற விளையாட்டு. இதைத் தெரிந்த பெரியவர்கள் எங்கள் ஒழுங்கைகளிலேயே இருக்கிறார்கள். கேட்டால் போதும், தேங்காய் தட்டிப் பார்த்து வாங்கும் வித்தை வரை சொல்லித் தருவார்கள். வைகாசியில் முல்லைத்தீவு வற்றாப்பளைப் பொங்கல், கடல் நீரில் விளக்கெரிக்கிற இடம். அந்தப் பக்கத்துக் கோவலன் கூத்துக்குத் தனி மோடி உண்டு, முல்லைமோடி என்பார்கள். அது தூரம், பஸ்ஸில் கூட்டம், ஆனால் ஒரு தடவை போகலாம்.

காத்தான் கூத்துக்கு முன்கூட்டியே அறிவித்தல் வருவது அருமை. கோப்பாய், இருபாலை, நீர்வேலி, ஊரெழு, உரும்பிராய்ப் பக்கத்தில் எந்த அம்மன் கோயிலடியில் மேடைக்குக் கட்டை இறங்குகிறதென்று கண்டால் கீழே கருத்தில் எழுதிவிடுங்கள். நாளும் நேரமும் தெரிந்தால் அதையும் போடுங்கள். இசை நாடகம், மயான காண்டம் எங்கேயாவது போடுகிறார்கள் என்றாலும் அப்படியே. வருகிறவற்றை எல்லாம் சேர்த்து வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் இந்தப் பதிவின் அடியிலேயே ஒழுங்காக எழுதி விடுகிறோம். எங்கள் பக்கத்திலிருந்து வர விரும்புகிற குடும்பங்கள் சொன்னால் ஒரு வான் பிடிக்கலாம். றமழானுக்குள் வருகிற இரவுகளை விட்டுவிடுவோம், பெருநாள் கழிந்து போவோம்.

பாய், தண்ணீர்ப் போத்தல், சின்னப் பிள்ளைகளுக்கு விடியப்புறப் பனிக்கு ஒரு போர்வை. போனின் வெளிச்சத்தை ஆடுகிறவர் முகத்தில் அடிக்காதீர்கள். நித்திரை வந்தால் பாயிலேயே படுங்கள், அதில் வெட்கம் இல்லை, டாப்பர் மாமா வந்து எழுப்புவார். கழுமரத்துக்கு முன்னால் மட்டும் எழும்பிப் போய்விடாதீர்கள்.